குராக் இன்னும் சாப்பிடவில்லை

பிஷ்கெக்
அக்டோபர் 19

இல்லை, இன்னும் சாப்பிடவில்லை. நேற்றும் வைத்தேன், போன வாரமும் வைத்தேன். உன் பாம்பு எலியை ஒரு பார்வை பார்த்தது, நாக்கை இரண்டு முறை நீட்டியது, பிறகு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் போய்ச் சுருண்டு படுத்துவிட்டது. பத்து நிமிஷம் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றேன். இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

முதலில் சலாம் சொல்லியிருக்க வேண்டும். சலாம், எர்மெக். நலமா? இங்கே என் அம்மா நலம், நானும் நலம். உன் கடிதத்தில் எனக்கு அதுகூட இல்லை. பக்கம் முழுக்க குராக் சாப்பிட்டதா, எந்த மூலையில் படுக்கிறது, தண்ணீர் மாற்றினாயா. கடைசி வரியில், "நான் நன்றாக இருக்கிறேன், இங்கே குளிர்." எல்லைக்காவலுக்குப் போனவன் ஃபோன் இல்லாமல் ஒரு வருஷம் இருக்கப்போகிறாய், காகிதத்தில்கூட இவ்வளவுதானா? உனக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. எனக்கு மூன்று வருஷம் போல் இருக்கிறது. ஒரு பாம்பு சாப்பிடுவதற்காகக் காத்திருந்து பார், தெரியும்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை: அண்ணே, எலி என்றால் எலிதான், பாம்பு என்றால் பாம்புதான். வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை.

நீ எழுதிக் கொடுத்த தாளில் இருப்பதில் ஒன்றையும் நான் விடவில்லை. கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். விரலில் எலி வாசம் இருந்தால் விரலையே எலி என்று நினைத்துப் பாயும் என்றாயே, அதனால். உறைந்த எலியைப் பையில் போட்டு முடிந்து, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தேன். உள்ளே ஐஸ் இருக்கிறதா என்று வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். மைக்ரோவேவில் வைக்காதே என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாய். வைக்கவில்லை. நினைத்தேன், வைக்கவில்லை. அதன் உடம்பில் தடித்த இடம் என் கட்டைவிரல் அளவு, எலியும் அதே அளவு, பக்கத்தில் வைத்தே பார்த்தேன். உயிரோடு ஓடுகிற மாதிரி இடுக்கியில் ஆட்டியும் காட்டினேன். மகாராணி அசையவில்லை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கண்ணாடிப் பெட்டியை என் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, அதன் அடியில் போட்ட மின்சாரச் சூட்டுப் பாயின் ஒயரைப் பின்பக்கமாக இழுத்துவிட்டிருக்கிறேன். எலெக்ட்ரிக் சைக்கிள் பேட்டரி சார்ஜ் ஆகிறது, கதவைத் திறந்தால் ஷாக் அடிக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சாப்பாடு டெலிவரி செய்கிற வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இந்தப் பொய்தான். எலிகள் பன்னிரண்டும் ஃப்ரீசரில் பாலாடை டப்பாவுக்குள் இருக்கின்றன. டப்பாமேல் "தூண்டில் இரை" என்று எழுதி ஒட்டினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "காலேஜத்தான் ரெண்டாம் வருஷத்துல விட்ட, கார் கழுவுற வேலைய ஒரு மாசத்துல விட்ட. மீன் பிடிக்கிறத எப்ப விடப்போற?" என்றாள். ஒரு மீன்கூடப் பிடிக்காத என்னிடம் அப்படிக் கேட்டாள்.

அவள் குராக் என்று தைக்கிற ஒட்டுத்துணி மெத்தை மாதிரியே சிவப்பும் செம்மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாக இருக்கிறது என்றுதானே நீ பாம்புக்கும் குராக் என்று பெயர் வைத்தாய். அது தெரிந்தால் இன்னும் திட்டுவாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய், பிராணிகள் விற்கிற சந்தைக்குப் போனேன். கிளியும் வெள்ளெலியும் விற்கிற மீசைக்காரனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் கிளியே பயந்துவிட்டது. "செத்த எலியா? தானாச் செத்தத நம்ம ஊர்ல நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும். பாம்புக்கு மட்டும் மானம் ரோஷம் கிடையாதா? உயிரோட ஒண்ணு தர்றேன், உள்ள விட்டுட்டு நீ பாட்டுக்குப் போய் டீ குடி. வந்து பாத்தா எலி இருக்காது" என்றான். வாங்கிவிட்டேன். அட்டைப் பெட்டியில் போட்டு ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டாவது நிறுத்தத்திலேயே அட்டையைக் கடித்துத் துளை போட்டது, மூன்றாவதில் என் விரலைப் பிய்த்துவிட்டது. ரத்தம். பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி என்னை இறக்கிவிட்டான். வாய்க்கால் பக்கம் எலியைத் திறந்துவிட்டுவிட்டு நடந்தே வீடு வந்தேன். ஓடவும் ஒதுங்கவும் தெரிந்த என்னையே அது இந்தப் பாடு படுத்தினால், மூடின பெட்டிக்குள் பசியில்லாமல் படுத்திருக்கும் குராக்கின் கண்ணை விட்டுவைக்குமா? உயிருள்ளது வேண்டவே வேண்டாம் என்று நீ ஏன் இரட்டைக் கோடு போட்டாய் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கண் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. இரண்டு நாளாக அதன் கண்ணில் பால் ஊற்றின மாதிரி வெளுப்பு. உடம்பின் நிறமும் மங்கிவிட்டது. குருடாகிவிட்டதா? சாகப்போகிறதா? உடனே எழுது. வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அதை எழுது.

இல்லை, உன்னைப் பற்றியும் இரண்டு வரி எழுது. மாஸ்கோவிலிருந்து உன் அம்மா பேசினாளா? கேட்கக் கூடாது என்றால் விட்டுவிடு.

பயேல்


பிஷ்கெக்
நவம்பர் 5

தின்றுவிட்டது! எர்மெக், தின்றுவிட்டதுடா! இப்போதுதான், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அலமாரிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள்.

நீ எழுதினது சரி. குருடு இல்லை, தோல் உரிக்கத்தான் கண் அப்படி வெளுத்திருந்தது. தொந்தரவு செய்யாதே, ஈரத் துணி போட்ட டப்பா ஒன்று உள்ளே வை, சும்மா இரு என்றாய். "சும்மா இரு" என்று எனக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? இருந்தேன். மூன்றாம் தேதி காலையில் பார்த்தால் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே தோலாகக் கழற்றிப் போட்டிருக்கிறது, காலுறை மாதிரி. ஒரு கிழிசல் கிடையாது. உனக்காக எடுத்துச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

ஒன்றாம் தேதியிலிருந்து கட்டடத்துக்கு வெந்நீர்க் குழாயையும் திறந்துவிட்டார்கள். ரேடியேட்டரில் வெந்நீர் ஓடி வீடு சூடாகிவிட்டது. அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

இன்று எலியை இடுக்கியில் நீட்டினேன். தலையைத் தூக்கியது. கழுத்து எஸ் எழுத்து மாதிரி வளைந்தது. அடித்தது பார், கண்ணுக்கே தெரியவில்லை! ஏற்கெனவே செத்த எலியை மூன்று சுற்றுச் சுற்றி நெரித்தது, எவ்வளவு சிரத்தை! பிறகு தலைப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல, தாடையை ஒரு பக்கம் நகர்த்தி, மறு பக்கம் நகர்த்தி. கடைசியில் வால் மட்டும் வாய்க்கு வெளியே ஒரு நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போனது. கொட்டாவி விட்டது. நான் கை தட்டிவிட்டேன்.

இப்போது இரண்டு நாள் தொடமாட்டேன், தூக்கமாட்டேன், சூடு குறையவிடமாட்டேன். தெரியும், தெரியும்.

தபால் ஆபீஸை ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள். இது இன்றே கிளம்ப வேண்டும். நீ நிம்மதியாகத் தூங்கு.

ஓடுகிறேன்.
பயேல்


பிஷ்கெக்
டிசம்பர் 3

உயிரோடுதான் இருக்கிறது. உன் மூன்று கடிதங்களும் வந்தன, மூன்றிலும் அதே கேள்வி. மூன்றாவதில் அது ஒன்றுதான் இருந்தது. அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். குராக் உயிரோடு இருக்கிறது, இப்போது நன்றாக இருக்கிறது. மற்றதை உட்கார்ந்து படி.

சலாம், எர்மெக். அம்மாவும் சலாம் சொல்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னாள். "அங்க மலையில கெடக்கிற புள்ளைக்கு எதுக்குடா இந்தக் கவல? எல்லாம் சரியான பிறகு, அவன் வந்து சேர்ந்ததும் சொல்லிக்கலாம்" என்றாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. பேனாவை எடுத்தால் பொய் எழுத வேண்டும், பொய் எழுத வரவில்லை, அதனால் எழுதாமலே இருந்துவிட்டேன். நான்கு வாரம்.

போன கடிதத்தை அலமாரிப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன் இல்லையா? எழுதி, மடித்து, செருப்பில் பாதி கால் நுழைத்துத் தபால் ஆபீஸுக்கு ஓடினேன். பெட்டி மூடிக்கு இரண்டு கொக்கி. ஒன்றைத்தான் போட்டிருந்தேன். அலமாரிக் கதவையும் சரியாகச் சாத்தவில்லை. உன் தாளில் "இரண்டு கொக்கியும்" என்று இருந்தது, அதன் கீழே கோடும் இருந்தது. நான்தான்டா போடவில்லை. வேறு யாரும் இல்லை.

அன்றைக்குப் பார்த்துத் தையல் கூடத்தில் கரண்ட் போய், அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். டீ போடப் போனவள் சமையலறை ரேடியேட்டர் கீழே குராக் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். நீ பட்டணத்தில் வளர்ந்தவன், உனக்கு எவ்வளவு தெரியுமோ. எங்கள் மலையூர் ஜும்கால் பக்கத்தில் வீட்டுக்குள் வந்த பாம்பை யாரும் அடிக்கமாட்டார்கள். தலையில் வெள்ளையாக எதையாவது ஊற்றி, பாலோ மோரோ, மரியாதையாக வழியனுப்பிவைப்பார்கள். என்ன செய்தி கொண்டுவந்ததோ, யார் அனுப்பினதோ என்று ஒரு பயம். அம்மா அலறவில்லை, துடைப்பத்தைத் தூக்கவில்லை. டீக்கு வைத்திருந்த பாலை எடுத்து அதன் தலையில் ஊற்றியிருக்கிறாள். வீட்டுக் கதவையும் கட்டடத்து வாசல் கதவையும் அகலத் திறந்துவைத்திருக்கிறாள். தரைத்தள வீடு வேறு. முறத்தால் மெல்ல மெல்ல வழி காட்டி, "நல்லதா வந்திருந்தா நல்லபடியாப் போ சாமி. கெட்டத எடுத்துட்டு வந்திருந்தா அதையும் எடுத்துட்டுப் போ" என்று சொல்லி, படி இறங்கி அது மறையும் வரை நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். வெளியே மூன்று டிகிரி. குராக்கின் வயிற்றிலே முழு எலி.

நான் கடிதத்தைப் போட்டுவிட்டு, இரண்டு டெலிவரியையும் முடித்துக்கொண்டு ஆறரைக்கு விசில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தேன். தரையில் பால். அம்மா மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது. "வா, குட்டி. இன்னிக்கு நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வந்துட்டுப் போனார். கெம்பு மாதிரி அப்படி ஒரு நிறம்! நான் பிறந்து வளர்ந்த மலையிலகூடப் பாத்ததில்ல. நல்லபடியா வழியனுப்பிட்டேன்" என்றாள்.

நான் என்ன கத்தினேன் என்று முழுக்க எழுதமாட்டேன். "எர்மெக்கோட பாம்பக் கொன்னுட்டியேம்மா!" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கொக்கியைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாப் பழியையும் அவள் தலையில் போட்டேன். அவள் என் சத்தத்துக்கு அசையவில்லை. "எர்மெக்கோடதா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அவன் இத நம்மகிட்டயா விட்டுட்டுப் போனான்? நம்மள நம்பியா?" என்றாள். எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போய்விட்டாள்.

குப்பைத்தொட்டிப் பக்கம், செடி மறைவு, கார்களின் அடிப்பக்கம், ஃபோன் வெளிச்சத்தில் எல்லா இடத்தையும் பார்த்தோம். பனி தூற ஆரம்பித்தது. சாப்பிட்ட பாம்புக்குச் சூடு இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற எலி செரிக்காது, அழுகும், அது பாம்பையே கொன்றுவிடும். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவளை வீட்டுக்குள் கூட்டிவரவே முடியவில்லை.

மறுநாள் காலையில் மேல் வீட்டுத் தமாரா பாவ்லோவ்னா கதவை இடித்தாள். நிலவறைச் சாவியை வைத்துக்கொண்டு ஐந்து பூனைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறாளே, அவள்தான். "சோல்போன், என் பூனைங்க அஞ்சும் இன்னிக்குக் கஞ்சிக்கு வரல. கீழ ஒரு குழாயப் பாத்துட்டு வரிசையா உக்காந்திருக்கு, டி.வி. பாக்கற மாதிரி. என்னத்தடி விட்ட உள்ள?" என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கேட்டாள். அம்மா பாம்பை வழியனுப்பின கதை அதற்குள் கட்டடம் பூராவும் பரவியிருந்தது.

நாங்கள் மூவரும் கீழே ஓடினோம். குராக் சூட்டைத் தேடி எந்த ஓட்டை வழியாகவோ திரும்பி வந்திருக்கிறது. ஆனால் வெந்நீர்க் குழாய்க்குப் போய்ச் சேரவில்லை. அதற்கு ஒரு முழம் முன்னால், சுவருக்கும் பழைய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. பழைய குழாய் பச்சைத் தண்ணீர்க் குழாய், ஐஸ் மாதிரி இருந்தது. நான் கையை விட்டேன். முழங்கைக்கு மேல் நுழையவில்லை. இழுத்தேன், திருப்பினேன், தோல் உரிந்தது. தமாரா பாவ்லோவ்னா ஒரு பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அவ்வளவு பெரிய கை, ஒரு வேலைக்கும் ஆகல" என்றாள்.

அம்மா கோட்டைக் கழற்றினாள். புழுவைப் பார்த்தாலே ஸ்டூலில் ஏறுகிறவள். தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம். பிறகு மெல்ல வெளியே எடுத்தாள், அவள் கையோடு குராக்கும் வந்தது, ஈரக் கயிறு மாதிரி. "ஐயோ, எவ்வளவு குளிர்ந்து போச்சு இது" என்றாள். என் கையில் கொடுப்பாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. கம்பளிச் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "கதவத் திறடா, மாடு மாதிரி நிக்காம" என்றாள்.

பெட்டியில் வைத்து மெல்ல மெல்லச் சூடு ஏற்றினோம். நாக்கை நீட்டியபோது மணி பதினொன்று. ஒரு மணிக்கு எலியைக் கக்கிவிட்டது. அந்த நாற்றத்தை எழுதவில்லை, இந்தக் காகிதமே மணக்கும். உன் தாளின் பின்பக்கத்தில் கடைசியில் இருந்தது: கக்கினால் பதினான்கு நாள் ஒன்றும் கொடுக்காதே, தண்ணீர் மட்டும். அவசரப்பட்டுக் கொடுத்தால் மறுபடியும் கக்கும், இரண்டாவது தடவை தாங்காது.

பதினான்கு நாள், எர்மெக். காலேஜுக்குக்கூட நான் தொடர்ந்து பதினான்கு நாள் போனதில்லை. அதைவிடப் பெரிய பாடு அம்மாவைத் தடுப்பது. வீட்டில் ஒரு உயிர் பட்டினி கிடக்க, அவளால் ரொட்டியைப் பிய்க்க முடியவில்லை. "எர்மெக் நம்ம வீட்டுக்கு வந்து என்னிக்காவது வெறும் வயித்தோட போயிருக்கானா? அவன் விட்டுட்டுப் போன ஜீவன நான் பட்டினி போடுறதா? எப்படிடா எனக்கு இறங்கும்?" என்று தினமும் ஒரு தடவை. ஐந்தாம் நாள் கிண்ணத்தில் ஆட்டு ஈரலைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிடித்துவிட்டேன். "ஒரே ஒரு துண்டு. சும்மா வாசம் பாக்கட்டும்" என்றாள். ஒன்பதாம் நாள் கெஞ்சினாள், பத்தாம் நாள் திட்டினாள். நான் டெலிவரிக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பெட்டிக்குக் காவல் இருந்தேன். கம்பெனிக்காரன் என் பெயரை எடுத்துவிட்டான். போகட்டும். இந்தத் தடவை நானாக விடவில்லை.

ஒரு ராத்திரி கொக்கியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். பால் ஊற்றினது நீ, திறந்துபோட்டது நான் என்றேன். அவள் தையலிலிருந்து தலையைத் தூக்காமல், "பால் ஊத்துனதுல ஒண்ணும் தப்பில்ல. கதவத் திறந்ததுதான் என் தப்பு. மூடாதது உன்னோடது. போதும், படு" என்றாள்.

பதினைந்தாம் நாள் மிகச் சின்னதாக ஒன்று வேண்டும், ஃப்ரீசரில் இருப்பதெல்லாம் பெரிது. ஊருக்கு மறுகோடியில் எலி வளர்க்கிற ஒரு பெண்ணிடம் போய், முடிகூட முளைக்காத, சுண்டுவிரல் நுனி அளவு உறைந்த குஞ்சு எலி இரண்டு வாங்கி வந்தேன். அம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொண்டே, "தண்ணி சூடு போதுமா பாரு" என்றாள். கொடுத்தேன். தின்றது. நான் கை தட்டவில்லை. இரண்டு கொக்கியையும் போட்டுவிட்டு மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கக்கவில்லை. முதலாவது கொடுத்து ஏழு நாள் கழித்து இரண்டாவது. அதுவும் உள்ளே நின்றது. நேற்று மலம் கழித்தது. இதற்காக ஒரு மனுஷன் துள்ளிக் குதிப்பான் என்று யார் நினைத்தது?

அம்மா உடனே, ஆபத்து விலகினால் செய்கிற வழக்கப்படி, எண்ணெயில் ஏழு ரொட்டி சுட்டு, கட்டடத்தில் ஏழு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று தமாரா பாவ்லோவ்னா கேட்டதற்கு, "வீட்டுல நோயாளி எழுந்து உக்காந்துட்டான்" என்றாள். அவள் நம்பவில்லை, ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

பெட்டி இப்போது அலமாரியில் இல்லை. கூடத்தில், ரேடியேட்டர் பக்கத்தில், நீ வந்தால் உனக்கு மெத்தை போடுகிற இடத்துக்குத் தலைமாட்டில் இருக்கிறது. அம்மா காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறாள். தொடமாட்டாள். பேசுவாள்.

இனி உன் விஷயம். உன் படைப்பிரிவிலிருந்து நூர்தின் லீவில் வந்திருந்தான். முந்தாநாள் சந்தையில் பார்த்தேன். நவம்பர் நடுவிலிருந்து, என் கடிதம் வராத நாளிலிருந்து, நீ தட்டை அடுத்தவன் பக்கம் தள்ளிவிட்டு டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போகிறாயாம். பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டிருக்கிறாயாம். யார் கேட்டாலும் "நன்றாக இருக்கிறேன், குளிர்" என்கிறாயாம். அந்த வரி எனக்குத் தெரியும். குராக் போய்விட்டது, அதனால்தான் நான் எழுதவில்லை என்று நீயே முடிவு செய்துகொண்டாய், இல்லையா? உனக்குக் கவலை வேண்டாம் என்று நாங்கள் இங்கே வாயை மூடிக்கொண்டிருந்தோம். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் எழுந்து மாவைப் பிசையப் போய்விட்டாள்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. நரின் பக்கம் வண்டி ஓட்டுகிற ஒருவர் உங்கள் முகாம் வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு மூட்டை வரும். பொரித்த போர்சோக் மாவுத்துண்டு, வறுத்த மாவு, குதிரைக்கறி, வெண்ணெய் ஒரு டப்பா. அடியில் குராக் கழற்றிய தோல், சுருட்டி, அம்மா தைத்த சின்னப் பைக்குள். எடைக்கு மேல் எடை வைத்துக் கட்டியிருக்கிறாள். நீ பகிர்ந்து கொடுப்பாய் என்று தெரியும், கொடு. முதலில் நீ. ஆனால் ஒரேயடியாகத் தின்றுவிடாதே. இவ்வளவு நாள் காலியாகக் கிடந்த வயிறு தாங்காது. கொஞ்சமாக ஆரம்பி, கறியை இரண்டு நாள் கழித்துத் தொடு. உள்ளே நிற்கிறதா என்று பார். மூன்று நாள் கழித்து எனக்கு எழுது. என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்று மட்டும் எழுது, வேறு ஒன்றும் வேண்டாம். நான் இங்கே உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பேன். எனக்கு இப்போது காத்திருக்க வரும்.

அம்மா இன்னும் என்னமோ சொல்லச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "சாப்பிடு, குட்டி. சாப்பிட்டுட்டு...

டிரைவர் ஹார்னை விடாமல் அடிக்கிறார். போகணும்டா.